காத்திருக்கும் மாதங்களின் செலவு: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மார்க்கெட்டிங் வேலை தேடுவோர்

ஆர்டர் கைக்கு வந்தபின் சென்னைக்குப் போவதா, சென்னையில் போய் உட்கார்ந்துகொண்டு வேலை தேடுவதா? பி.பி.ஏ., பி.காம்., எம்.பி.ஏ. முடித்த பிள்ளைகள் இருக்கும் தேனி மாவட்டத்து வீடுகளில் கோடைதோறும் ஓடும் விவாதம் இது. வீட்டுப் பெரியவர்கள் ஒரு கட்சி, ஏற்கெனவே சென்னையில் இருக்கும் கூட்டாளிகள் இன்னொரு கட்சி. "வேலை உறுதியாகட்டும், அப்புறம் பொட்டியக் கட்டு" என்கிறது முதல் கட்சி. "இங்க வந்து நின்னாத்தான் கூப்பிடுவாங்க" என்கிறது மற்றது. இரண்டுமே இதைத் துணிச்சலுக்கும் எச்சரிக்கைக்கும் நடக்கும் வழக்காகப் பேசுகின்றன. குணத்தை ஒதுக்கிவிட்டுச் செலவையும் வேலைச் சந்தையின் நடைமுறையையும் பார்த்தால் விடை வேறு இடத்தில் இருக்கிறது. தேடுவது மார்க்கெட்டிங்கில் எந்த வகை வேலை, முதல் சம்பளம் வரும்வரை எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கப் பணம் இருக்கிறது என்ற இரண்டுமே முடிவைத் தீர்மானிக்கின்றன. திறமை அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. அப்படிப் பணம் இல்லாத பெரும்பாலோருக்குப் பெருநகர மார்க்கெட்டிங் வேலைக்குப் போகும் செலவு குறைந்த பாதை தேனியிலேயே தொடங்குகிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். அது யாருக்குப் பொருந்தாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேனி என்றதும் மலையும் வயலும்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவில் வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போ மாவட்டத்தின் 12.45 லட்சம் பேரில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தார்கள் என்கிறது. மாநிலச் சராசரி அப்போது 48தான். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று குமுளிச் சாலையில் ஊர்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு வரிசையாக வருகின்றன. 1895இல் பெரியாறு அணை முடிந்து தண்ணீர் கிழக்கே திரும்பியபின் வெள்ளாமையும் கடைத்தெருவும் சேர்ந்தே வளர்ந்த ஊர்கள் இவை. ஒவ்வொன்றிலும் மருந்துக்கடைகள், உரக்கடைகள், டூவீலர் ஷோரூம்கள், மொத்த மளிகைக்கடைகள். போடியில் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடக்கிறது. சின்னமனூர் வாழைத்தாரும் கம்பத்துத் திராட்சையும் மலையேறிக் கேரளச் சந்தைகளுக்குப் போகின்றன. விற்பனை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. இவ்வளவு விற்கிற இடத்தில் மார்க்கெட்டிங் பட்டதாரிக்கு ஏன் வேலை இல்லை என்பதுதான் விசித்திரம்.

காரணம் விற்கப்படும் விதத்தில் இருக்கிறது. ஏலக்காய் எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று பருமன் பார்த்துத் தரம் பிரிக்கப்பட்டு, மூட்டையாகவே வடக்கே போகிறது. நுகர்வோர் பார்க்கும் பாக்கெட்டில் பெயர் போடுகிறவர் வேறு ஊரில் இருக்கிறார். 2018 வெள்ளம் கேரளத் தோட்டங்களை அழித்ததையடுத்து 2019 ஆகஸ்டில் மலைமேல் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையை ஏற்றியது தட்டுப்பாடு, அதில் எந்த விளம்பரத்துக்கும் பங்கில்லை. திராட்சையும் அப்படித்தான். கமிஷன் கடைக்காரரின் வாய்ச்சொல்லிலும் பழகிய முகத்திலும் நடக்கும் வியாபாரத்துக்குச் சம்பளம் வாங்கும் மார்க்கெட்டிங் ஆள் தேவைப்படவில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பள்ளத்தாக்குக்கு ஒரு பிராண்ட் கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்தப் பெயருக்குத் தனி உரிமையாளர் கிடையாது. ஆயிரக்கணக்கான சிறு சம்சாரிகளுக்குப் பொதுவான பெயரைப் பரப்ப ஒரு பிராண்ட் மேனேஜரை நியமித்துச் சம்பளம் கொடுக்கும் கை எது என்ற கேள்விக்கு அந்தச் சான்றிதழில் பதிலில்லை.

இதே வியாபாரம்தான் படித்தவர்களையும் உருவாக்கியது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956இல் தொடங்கியது. போடியில் ஏலக்காய் வியாபாரத்தின் பணத்தால் ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியும், பெரியகுளத்தில் ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரியும் 1971இல் வந்தன. பிறகு தேனியைச் சுற்றிச் சுயநிதிக் கல்லூரிகள். உயர்கல்விச் சேர்க்கையில் தமிழகம் 2021-22 கணக்கில் 47 விழுக்காட்டை எட்டியபோது இந்தியச் சராசரி 28தான். ஏலக்காயை மூட்டையாக அனுப்பும் ஊர் பட்டதாரிகளையும் கிட்டத்தட்ட அப்படியே, பெயர் ஒட்டாத சரக்காக, வெளியே அனுப்புகிறது என்று சொன்னால் கசக்கும். ஆனாலும் அதில் உண்மை இருக்கிறது.

மார்க்கெட்டிங் என்ற ஒரே தலைப்பில் வரும் வேலை விளம்பரங்களைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு தனித்தனிச் சந்தைகள் தெரியும். ஒன்று களவேலை: மருந்துக் கம்பெனி ரெப், சோப்பு-பிஸ்கட் கம்பெனிகளின் சேல்ஸ் ஆபீசர், விதை-பூச்சிமருந்துக் கம்பெனிகளின் களப் பணியாளர், இன்சூரன்ஸ், கடன் நிறுவனங்களின் ஆட்கள். மற்றது மேசைவேலை: பிராண்ட், விளம்பரம், சந்தை ஆய்வு, இன்று அதிகம் பேசப்படும் டிஜிட்டல் மார்க்கெட்டிங். முதல் வகைக்கு ஆள் எடுக்கும் கம்பெனி ஏரியா பார்த்து எடுக்கிறது. தேனி ஹெட்குவார்ட்டர்ஸ் காலியானால் ஏரியா மேனேஜருக்கு வேண்டியது பைக்கும் லைசென்சும் வைத்திருக்கிற, கம்பம் ஸ்டாக்கிஸ்டை மாமா என்றோ அண்ணாச்சி என்றோ கூப்பிட்டுப் பேசத் தெரிந்த, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு பேட்டாவை மிச்சப்படுத்திக்கொள்ளும் உள்ளூர்ப் பையன். அந்த வேலையை மேடவாக்கத்தில் அறை எடுத்துத் தங்கித் தேடுவதில் பொருளே இல்லை. இரண்டாம் வகை நேர்மாறு. விளம்பரத் தொழிலுக்கு மும்பை, புதுத் தொழில் நிறுவனங்களுக்கு பெங்களூரு, மென்பொருள் விற்கும் கம்பெனிகளுக்கு சென்னை என்று அது சில நகரங்களிலேயே குவிந்துகிடக்கிறது. பள்ளத்தாக்கில் அந்த வேலைகள் அநேகமாக இல்லை.

ஊரில் கிடைக்கும் வேலையை விட்டு, நகரத்தில் வேலை கிடைக்குமா என்று தெரியாமலே ஏன் போகிறார்கள் என்று பொருளாதார அறிஞர்கள் நெடுங்காலமாகவே கேட்டுவருகிறார்கள். 1970இல் ஹாரிஸ், டொடாரோ இருவரும் தந்த விளக்கம் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது: நகரத்துச் சம்பளத்தை அது கிடைக்கும் வாய்ப்போடு பெருக்கிப் பார்த்து, அது ஊர் வருமானத்தைவிட அதிகமாகத் தெரிந்தால் ஆள் கிளம்புகிறார், வேலையில்லாமல் நகரத்தில் சில காலம் கிடப்பதும் அந்தக் கணக்கில் அடக்கம். கூட்டாளிகளின் கட்சிக்கு இது பலம் சேர்க்கிறது. தூரத்தில் இருப்பதே ஒரு பாதகம் என்பதற்கும் சான்று உண்டு. வாஷிங்டன் நகரில் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த டேவிட் பிலிப்ஸின் ஆய்வில், தொலைவான முகவரி போட்டவர்களைக் குறைந்த சம்பள வேலைகளுக்குக்கூட முதலாளிகள் குறைவாகவே அழைத்தார்கள். எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில், புறநகரில் இருந்து வேலை தேடிய இளைஞர்களுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்தபோது அவர்களுக்கு நிலையான வேலைகள் கிடைக்கும் வாய்ப்பு கூடியது. பயோடேட்டாவில் கம்பம் என்று இருப்பதைவிட வேளச்சேரி என்று இருப்பது நல்லது என்று சென்னைக் கூட்டாளி சொல்வது வெறும் பந்தா இல்லை.

ஆனால் அந்த அடிஸ் அபாபா ஆய்வின் மறுபாதியையும் படிக்க வேண்டும். அங்கே இன்னொரு குழுவுக்குப் பணம் கொடுக்கவில்லை. விண்ணப்பம் எழுதுவதற்குப் பயிற்சியும், திறன் தேர்வு வைத்து அதற்குச் சான்றும் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பேருந்துக் கட்டணத்தின் பலன் கரைந்துபோயிருந்தது. சான்று பெற்றவர்களின் வருமான உயர்வு நிலைத்திருந்தது. அருகில் போய் நிற்பது கதவைத் திறக்கிறது, திறந்த கதவுக்குள் ஆளை நிறுத்திவைப்பது முதலாளி நம்பக்கூடிய ஆதாரம். தேனியில் பட்டம் பெற்றவரின் மதிப்பெண் பட்டியல் சென்னை நிறுவனத்துக்கு எதையும் நிரூபிப்பதில்லை. எந்தக் கல்லூரி என்றே அவர்களுக்குத் தெரியாது. கம்பம் ஏரியாவில் இரண்டு ஆண்டு டார்கெட்டை எட்டிய கணக்கு எந்த ஊரிலும் புரியும் மொழி.

அந்த ஆதாரம் இல்லாமல் சென்னைக்குப் போய்க் காத்திருப்பதன் செலவை இனிப் பார்க்கலாம். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் முனையம் திறந்ததிலிருந்து தெற்கத்தி வண்டிகள் வண்டலூர்ப் பக்கமே நின்றுவிடுகின்றன. 500 கிலோமீட்டருக்கு மேல் இரவெல்லாம் வந்தவர் அங்கிருந்து அம்பத்தூருக்கோ நுங்கம்பாக்கத்துக்கோ இன்னொரு பயணம் போய்த்தான் இன்டர்வியூவில் உட்காருகிறார். ஒருமுறை வந்துபோகலாம், மாதத்துக்கு நான்கு முறை முடியாது. ஆகவே தங்க வேண்டியிருக்கிறது. வீடு எடுத்தால் அட்வான்ஸ். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் சொல்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்ற வாசலையும் அதே சட்டம் திறந்துவைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய ஊரில் அந்த வாசல் போதும். மேன்ஷன் அறையோ ஹாஸ்டல் கட்டிலோ எடுத்தாலும் சாப்பாடு, போக்குவரத்து, இன்டர்வியூவுக்கு ஒரு நல்ல சட்டை என்று மாதம் ஓடுகிறது. இரண்டாவது மாதம் முடியும்போது வீட்டிலிருந்து வரும் பணம் மெலிகிறது. மூன்றாவது மாதம் வந்த வேலையை எடுத்துக்கொள்கிறார்கள்: தொலைபேசியில் கடன் விற்பது, அல்லது அடுக்ககங்களின் வாசலில் நின்று கிரெடிட் கார்டு விற்பது. தேனியில் வாடகை இல்லாமல் செய்திருக்கக்கூடிய களவேலையையே சென்னையில் வாடகை கொடுத்துக்கொண்டு, தெருக்கள் தெரியாமல் செய்கிறார்கள். ஹாரிஸ்-டொடாரோ கணக்கில் விட்டுப்போனது இது: காத்திருக்க முடியாதவருக்கு நகரத்தின் நல்ல சம்பளம் கணக்கிலேயே வராது.

பணம் தீர்ந்துகொண்டிருப்பவரை நோட்டமிடும் கூட்டமும் நகரத்தில் உண்டு. பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு மறையும் கன்சல்டன்சிகள், "மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்" என்று கூப்பிட்டு ஆள் சேர்க்கச் சொல்லும் சங்கிலித் திட்டங்கள். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிட் திட்டங்களைத் தடைசெய்கின்றன, சேர்வதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்கின்றன. வேலை தருபவர் வேலை தேடுபவரிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும் என்பதற்கு மேல் இதில் ஆராய ஒன்றுமில்லை.

வேலை ஆட்கள் மூலமாகத்தான் கிடைக்கிறது என்பது எல்லோரும் சொல்வது. மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அதில் ஒரு திருத்தம் சொன்னது: நெருங்கிய உறவைவிட எப்போதாவது பார்க்கும் பழக்கக்காரர்தான் புது வேலையின் செய்தியைக் கொண்டுவருகிறார், ஏனென்றால் நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரியும். 2022இல் லிங்க்டுஇன் தளத்தின் 2 கோடிப் பேரை வைத்து நடந்த சோதனை இதைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தியதோடு, கணினி சார்ந்த தொழில்களில்தான் இந்தத் தூரத்துப் பழக்கம் அதிகம் உதவுகிறது என்றும் காட்டியது. பள்ளத்தாக்கின் பலம் நெருங்கிய உறவு. சித்தப்பா வைத்திருக்கும் மளிகைக்கடை, மாமன் மகனின் லாரி ஆபீஸ், சொந்தக்காரரின் பைனான்ஸ் கம்பெனி என்று அது ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்கள் தெரிந்தவையே. ஒரு விளம்பர நிறுவனத்தின் மேசைக்கு அந்தப் பாதை போவதில்லை. கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் 2016இல் எழுதிய ஆய்வு இன்னும் ஆழமாகப் போகிறது. கிராமத்துக்கும் நகரத்துக்கும் இவ்வளவு சம்பள வேறுபாடு இருந்தும் இந்தியாவில் ஆண்கள் நிரந்தரமாக இடம்பெயர்வது குறைவாக இருப்பதற்கு, கஷ்டகாலத்தில் கைகொடுக்கும் சாதி வலைப்பின்னலை விட்டுவிலகும் அச்சமே காரணம் என்பது அவர்கள் முடிவு. அந்த வலை எல்லோருக்கும் ஒரே அளவுக்கு நெய்யப்படவும் இல்லை. சுக்தேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட சோதனையில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களில் தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் இருந்தவற்றுக்குத் தனியார் நிறுவனங்களிடமிருந்து அழைப்பு குறைவாகவே வந்தது. சாதிப் பிரிவுகள் கூர்மையான ஒரு மாவட்டத்தில், "சொந்தக்காரர் யாராவது இருந்தால் சொல்லி வை" என்ற அறிவுரையைக் கேட்டு எல்லோராலும் ஒன்றும் செய்துவிட முடியாது. களவேலை இங்கேதான் உதவுகிறது. ரெப் வேலைக்குப் போனவருக்கு ஓராண்டில் மதுரை ஏரியா மேனேஜர், ஸ்டாக்கிஸ்டுகள், ஒரே மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் போட்டிக் கம்பெனி ரெப்கள் என்று கிரானோவெட்டர் சொன்ன அந்தத் தூரத்துப் பழக்கம், பிறந்த வீட்டைச் சாராமல் சேர்ந்துவிடுகிறது. பிறகு சென்னை ஏரியாவுக்கு மாற்றல் கேட்கலாம், அல்லது சென்னையில் இருக்கும் வேறு கம்பெனிக்குத் தாவலாம். எப்படிப் போனாலும் சம்பளம் நிற்காமல் ஊர் மாறுகிறது. காத்திருக்கும் மாதங்களின் செலவு அவர் தலையில் விழுவதில்லை.

இதற்கு வரும் பலமான எதிர்வாதம், களவேலை ஒரு பொறி என்பது. ஒருமுறை ரெப் ஆனவன் கடைசிவரை ரெப்தான், மேசைக்குப் போவதே இல்லை. பிராண்ட் பிரிவுக்குப் பெரிய மேலாண்மைக் கல்லூரிகளிலிருந்து நேராக எடுத்துக்கொள்கிறார்கள் என்கிறார்கள். பாதிக்கு மேல் ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். டார்கெட் நெருக்கடி, மாதக் கடைசியில் ஸ்டாக்கிஸ்ட் தலையில் சரக்கைத் தள்ளுவது, இன்சென்டிவை நம்பி வாங்கிய கடன் ஆகியவை பலரை ஐந்தாண்டுகளில் தேய்த்துவிடுகின்றன. 1976இல் விற்பனை மேம்பாட்டு ஊழியர் சட்டம் வந்ததே இந்த நிலைமையால்தான். பணிநியமனக் கடிதமும் விடுப்பும் அந்தச் சட்டம் தந்த உரிமைகள். 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அது இப்போது அடங்கிவிட்டது. நியமனக் கடிதமே தராமல் கமிஷன் மட்டும் பேசும் கம்பெனியில் சேர்வதை நான் சொல்லும் பாதையில் சேர்க்கவே கூடாது. ஆனாலும் பொறி என்ற வாதம் ஒன்றைக் கவனிக்கவில்லை. களம் தெரிந்தவர்களை மேசை தேடிவருகிறது. ஹிந்துஸ்தான் யூனிலீவர் பெரிய கல்லூரிகளிலிருந்து எடுக்கும் பயிற்சியாளர்களையும் முதலில் களத்துக்கும் கிராமத்துக்கும் அனுப்புகிறது. மருந்துக் கம்பெனிகளின் பிராடக்ட் பிரிவுகளில் களத்திலிருந்து போனவர்கள் இருப்பது வழக்கம். ஆச்சி மசாலாவை 1995இல் தொடங்கிய பத்மசிங் ஐசக் அதற்குமுன் கோத்ரெஜில் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தவர். கடலூரில் 1983இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கிய சி.கே. ரங்கநாதன், தந்தையிடமிருந்து வந்த பாக்கெட் யோசனையைச் சிற்றூர்ப் பெட்டிக்கடைகள் வரை கொண்டுபோய்ப் பெருங்கம்பெனிகளை யோசிக்கவைத்தார். சில்லறைக் காசு புழங்கும் கடைத்தெருவை அறிந்ததால் வந்த மார்க்கெட்டிங் அது. களத்தில் தேய்கிறவருக்கும் களத்திலிருந்து ஏறுகிறவருக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் ஒரு பழக்கம்: எந்தக் கடையில் எது ஏன் நின்றது, எது ஏன் ஓடியது என்பதைத் தேதி போட்டு எழுதிவைப்பது. டார்கெட்டை எட்டியதை மட்டும் சொல்பவருக்கு இன்னொரு டார்கெட் கிடைக்கும். கூடலூரில் ஓடிய சரக்கு போடியில் ஏன் ஓடவில்லை என்று விளக்குகிறவரின் பேச்சைப் பிராண்ட் மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

இரண்டாவது எதிர்வாதம் இணையத்திலிருந்து வருகிறது. 2020க்குப் பின் முதற்கட்ட இன்டர்வியூ பெரும்பாலும் திரையில் நடக்கிறது, 'நான் முதல்வன்' போன்ற திட்டங்கள் 2022 முதல் பயிற்சியைக் கல்லூரிக்கே கொண்டுவந்துவிட்டன, மாநில அரசின் தனியார் வேலை இணையதளமும் இருக்கிறது, ஆகவே எங்கிருந்து தேடுவது என்பதே பழைய கேள்வி என்கிறார்கள். தேடல் வரைக்கும் சரி. வந்துபோகும் செலவு உண்மையிலேயே குறைந்திருக்கிறது. சேரும்போதோ பழைய கணக்கே திரும்புகிறது: ஆபர் லெட்டர் சில நாளில் வரச் சொல்கிறது, முதல் சம்பளத்துக்கு ஒரு மாதம் ஆகிறது, நடுவில் அட்வான்ஸ். வீட்டிலிருந்தே வேலை என்பதும் அனுபவமுள்ளவர்களுக்குக் கிடைப்பதுபோல் புதியவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஜோஹோ 2011இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்கு அலுவலகத்தைக் கொண்டுபோனது போன்ற செயல்கள் இன்னும் விதிவிலக்குதான். ஆங்கிலத்தில் எழுதிப் பேசுவதுதான் மேசைவேலையின் உண்மையான வாசற்படி. அதைக் கம்பத்தில் இருந்துகொண்டே கற்றுக்கொள்ள இன்று வழி இருக்கிறது என்பதில் இணையத்துக்கு நன்றி சொல்லலாம்.

மூன்றாவது எதிர்வாதத்தின் முன் என் வாதம் பெருமளவு தோற்கிறது. ஒரு பெண் பட்டதாரிக்கு இந்தப் பாதை எங்கே? பைக்கில் நாளுக்கு ஐந்து ஊர், மாதத்தில் சில இரவு வெளியூர்த் தங்கல் என்று அமைந்த களவேலைக்குக் கம்பெனிகள் இங்கே பெண்களை எடுப்பது அரிது. எடுத்தாலும் வீடு அனுப்புவது அதைவிட அரிது. பெரியகுளத்து மகளிர் கல்லூரியில் படித்தவர் உள்ளூரில் காத்திருந்தால் அவருக்குக் கிடைக்கும் அடுத்த வாய்ப்பு பெரும்பாலும் கல்யாணம். அவருக்கு நகரமே முதல் படி, நேராக மேசைவேலையே இலக்கு. ஆகவே அவர் விஷயத்தில் பாதுகாப்பான தங்குமிடம் வேலைக் கேள்வியிலிருந்து பிரிக்கவே முடியாதது. சென்னையிலும் பிற நகரங்களிலும் அரசு நடத்தும் தோழி விடுதிகள் நல்ல தொடக்கம். ஆனால் வேலைக்குப் போகும் மகளிருக்கென்றே அமைந்தவை அவை. அந்த விடுதிகளில் சில கட்டில்களையாவது வேலை தேடி வருபவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒதுக்கினால், அது எந்தத் திறன் பயிற்சியையும்விட அதிகப் பலன் தரும் என்று நினைக்கிறேன்.

ஏன் போக வேண்டும், பள்ளத்தாக்குக்கே மார்க்கெட்டிங் ஆள் தேவையில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. தேவை இருக்கிறது, சம்பளம் இல்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வளர்ந்து ஒரு நாள் அது மாறலாம், அதுவரை பொறுமையை உபதேசிப்பது எளிது. இன்னொன்றை அதிகம் பேர் யோசிப்பதில்லை: பெருநகரம் என்றதும் சென்னை மட்டுமே ஏன் நினைவுக்கு வர வேண்டும்? மதுரை-போடி ரயில்பாதை அகலப் பாதைக்காக 2010 முடிவில் மூடப்பட்டு, தேனிக்கு ரயில் திரும்ப 2022 மே வரை ஆனது. சென்னை-போடி ரயில் 2023 ஜூனில் வாரத்துக்கு மூன்று நாளாகத்தான் தொடங்கியது. ரயில் இல்லாத அந்தப் பதினோரு ஆண்டுகளிலும் கேரளத்துக்குப் போகும் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளிலும் ஜீப்புகள் தினமும் மலையேறிக்கொண்டிருந்தன. மலையாளம் புரிகிற, ஏலக்காயைக் கையில் உருட்டியே தரம் சொல்கிற போடிப் பட்டதாரிக்கு, நறுமணப் பொருள் வாரியத்தின் தலைமையகமும் ஏற்றுமதிக் கம்பெனிகளும் இருக்கும் கொச்சி இயல்பான நகரம். சென்னையில் அவருடைய அந்த அறிவுக்கு விலையில்லை. கொச்சியில் அதுவே தகுதி. நம் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள் கிழக்கையே பார்த்து உட்கார்ந்திருப்பது எனக்குப் புரியாத ஒன்று.

காத்திருக்கும் செலவை ஏற்பது குடும்பத்தின் பொறுப்பா, அரசும் பங்கெடுக்க வேண்டுமா என்பது மிச்சம். அரசு ஏற்கெனவே கொஞ்சம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. வேலையில்லாத பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை, மூன்று ஆண்டுகளுக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும். அதாவது ஐந்தாண்டு வேலை கிடைக்காமல் இருந்த பிறகு, தேடிப் போகப் போதாத அளவில், சொட்டுச் சொட்டாக வருகிறது. மொத்தம் 21,600 ரூபாய். அதே தொகையைப் பட்டம் வாங்கிய கையோடு மூன்று மாதத்தில் கொடுத்தால் மாதம் 7,200. சென்னையில் பகிர்ந்து தங்கும் ஒரு ஹாஸ்டல் கட்டிலையும் சாப்பாட்டையும் ஒட்டிய தொகை. கையில் பணம் கொடுத்தால் வீணாகும் என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். வங்கதேசத்தின் ரங்பூரில் 2008இல் பேருந்துக் கட்டணம் அளவுக்கான சிறு உதவி கொடுத்துப் பார்த்தபோது, அதனால் கிளம்பிய குடும்பங்களின் உணவுச் செலவு கூடியது. பலர் அடுத்த ஆண்டு உதவியில்லாமலே மறுபடி போனார்கள். அதே திட்டத்தைப் பெரிதாக்கியபோது 2017இல் பலன் தெரியவில்லை, 2019இல் நடத்தியவர்களே நிறுத்திவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே மாநிலம் முழுக்க ஒரே நாளில் அறிவிப்பதைவிட, ஓர் ஆண்டு தேனி மாவட்டத்தில் மட்டும், பதிவு செய்த பட்டதாரிகளில் குலுக்கல் முறையில் ஒரு பாதிக்கு இப்படிக் கொடுத்து, யார் எந்த ஊரில் என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்று பதினெட்டு மாதம் கழித்துக் கணக்கெடுக்கலாம். அதற்குத் தேவையான பெயர்ப் பட்டியல் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது.